கியர் பாக்ஸைத் தூக்கிய தெரு

கியர் பாக்ஸ் மார்பின்மேல் வந்து உட்கார்ந்த பிறகுதான், அதை இறக்க இன்னோர் ஆள் வேண்டும் என்பது அமிர்தராஜுக்குப் புரிந்தது.

"விமலா, கொஞ்சம் வர்றயா?" என்றார் ஜீப்புக்கு அடியிலிருந்து. மூச்சு பாதிதான் வந்தது.

மனைவி விமலாராணி குனிந்து பார்த்தாள். "ஏனுங்க, அது வெளிய வந்துருச்சா, இல்ல நீங்க உள்ள போயிட்டீங்களா?"

அமிர்தராஜ் காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். வேலைக்கு ஸ்கூட்டரில்தான் போவார். இந்தப் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும். அப்படியிருந்தும் போன வாரம் மேம்பாலத்தில் என்ஜின் அலறியதே தவிர, வண்டி ஏறவில்லை.

"போன வருசம் போட்ட கிளச் பிளேட்டுங்க. அதுக்குள்ள தேஞ்சு காயிதமாட்ட ஆயிருச்சு. பெடல் மேலயே காலை வெச்சுட்டு ஓட்டுவீங்களா சார்?" என்று கேட்டார் மெக்கானிக்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே வண்டி ஓட்டுகிறவரிடம் கேட்கிற கேள்வியா இது? அன்றே பிளேட் வாங்கி வந்துவிட்டார். செல்போனில் வீடியோ பார்த்துத் தானே மாற்றிவிடுவது என்று முடிவு. பிளேட்டை எட்ட முதலில் கியர் பாக்ஸை இறக்க வேண்டும்; வீடியோவில் இருந்தவர் அதைப் பூசணிக்காய் போல இறக்கி வைத்தார்.

விமலாராணி குரல் கொடுத்ததும் எதிர்வீட்டு நாச்சியம்மாளும் பக்கத்துவீட்டு வெங்கடலட்சுமியும் ஓடி வந்தார்கள். ஒரு மெத்தையை உள்ளே தள்ளி, கியர் பாக்ஸை அதில் உருட்டி, அமிர்தராஜைக் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

"அண்ணா, சட்டை கிழிஞ்சு போச்சுங்க," என்றாள் நாச்சியம்மாள்.

"சட்டை கெடக்கட்டும்மா."

புதுப் பிளேட்டை நடுவில் நேராக நிறுத்தி முடுக்க ஒரு தடி வேண்டியிருந்தது. மோர் கடையும் மத்தின் காம்பு கச்சிதமாகப் பொருந்தியது. போல்ட்டுகளை முடுக்கிவிட்டு இழுத்தார். மத்து வரவில்லை. பலமாக இழுத்தார். பாதி மத்து வந்தது.

மீதியைக் குறடு போட்டுப் பிடுங்குவதற்குள் உச்சிவெயில் ஏறிவிட்டது.

அடுத்து கியர் பாக்ஸைத் தூக்க வேண்டும். ஜீப்பின் மேல்துணியைக் கழற்றி, தரைத் தகட்டைத் திறந்து, போர்டிகோ கொக்கி வழியாகக் கயிறு விட்டு, மறுமுனையை கேட்டில் கட்டினார். கேட்டைத் தள்ளினால் கியர் பாக்ஸ் மேலே வரும் என்பது கணக்கு. எல்லோரும் தள்ளினார்கள். கியர் பாக்ஸ் மெத்தையை விட்டு அசையவில்லை. கேட்தான் கீலிலிருந்து கழன்று, இரண்டு தூணுக்கும் நடுவே குறுக்காகச் சிக்கிக்கொண்டது.

"அப்ப நாங்க ஊட்டுக்கு எப்படிங்க போறது?" என்றாள் வெங்கடலட்சுமி.

விமலாராணி உப்புமா கிண்டினாள்.

தட்டைக் கையில் வைத்தபடி அமிர்தராஜ் சொன்னார்: "போதும் விமலா. உக்கடத்துல பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

நாச்சியம்மாளுக்கு உப்புமா தொண்டையில் சிக்கியது. "அப்படிச் சொல்லாதீங்கண்ணா. இந்த வண்டி நம்ம தெருவுக்கே சாமி மாதிரிங்க."

"நாங்க தூக்கறமுங்க," என்று வெங்கடலட்சுமி சேலையை இழுத்துச் செருகினாள். விமலாராணி ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தாள்.

அமிர்தராஜுக்குக் கண் கலங்கியது. தன் ஜீப்பின்மேல் ஒரு தெருவுக்கே இத்தனை பாசமா?

மூன்று பெண்கள் ஜாக்கி வைத்து, கட்டை கொடுத்து, கைகளால் ஏந்திப் பிடிக்க, அவர் முன்னாலிருந்து வழி காட்டினார். கியர் பாக்ஸ் ஒரு முனகலோடு உள்ளே போய் உட்கார்ந்தது.

மாலையில் வண்டியைக் கிளப்பி, முதல் கியர் போட்டு, கிளச்சை மெல்ல விட்டார். ஜீப் வெண்ணெயாக நகர்ந்தது. நகர்ந்த வேகத்தில் கேட்டையும் தள்ளித் தெருவில் படுக்கப் போட்டது. பெண்கள் கை தட்டினார்கள்.

அமிர்தராஜ் இறங்கி, கிரீஸ் அப்பிய மீசையைத் தடவிக்கொண்டார். "பாத்தயா விமலா? இதுக்குப் போயி அந்த மெக்கானிக் என் காலைக் குறை சொன்னான்."

விமலாராணி தெருவில் கிடந்த கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கை கழுவக் குழாயடிக்குப் போனதும், நாச்சியம்மாள் ரகசியம் பேசுவதாக நினைத்துச் சத்தமாகவே கேட்டாள்:

"ஏனுங்க்கா, அண்ணன் ஆபீஸ் போனதும் திங்கக்கிழமையில இருந்து டிரைவிங் கிளாஸ் எப்பவும் போல உண்டுங்களா? எங்க எட்டுப் பேர்ல எனக்கு மட்டுந்தான் இன்னும் மேட்டுல நிறுத்தி எடுக்க வரலீங்க."