மௌனக் குருவிக்கு எந்தப் படுக்கையறை?

உலகத்தில் தலைசிறந்த பண்பு எது என்று கேட்டால் கருணை என்பார்கள், வாய்மை என்பார்கள். எல்லாம் பழைய பஞ்சாங்கம். ஒருவன் வீட்டை வாங்கிவிட்டு, வாங்கியது நான்தான் என்று மூச்சுவிடாமல் இருக்கிறானே, அந்த அடக்கத்துக்கு முன்னால் எதுவும் நிற்காது. அதன் அருமையைப் பல்லாரட் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் நோரீன் டக்வெல் அனுபவித்த மாதிரி வேறு யாரும் அனுபவித்திருக்க மாட்டார்கள்.

நோரீன் பதினோரு வருஷமாக வாடகைக்கு இருந்த வீடு போன மார்ச்சில் கைமாறியது. சொந்தக்காரி பெரில் ஹாஸ்கிங் எண்பத்தாறு வயதில் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள். வீட்டை விற்றுக் கொடுத்தவன் தரகன் லாக்லன் பிம். வயது முப்பத்திரண்டு, கணுக்கால் தெரிகிற கால்சட்டை, காலுறை இல்லாமல் பளபளக்கும் ஷூ. இந்த ஊரில் ஒரு வீடு ஏலத்துக்கு வந்தால் தெருவே கையில் காபியும் கூடவே நாயுமாக வந்து நின்று வேடிக்கை பார்க்கும். அப்படிப்பட்ட அநாகரிகம் எதற்கும் லாக்லன் இடம் கொடுக்கவில்லை. ஏலம் இல்லை, விளம்பரம் இல்லை, வாசலில் ஒரு பலகைகூட இல்லை. "வாங்கறவர் ரொம்பக் கூச்ச சுபாவம்" என்று சொல்லி, ஊர் விலைக்கு ரொம்பவே கீழே முடித்துவிட்டான். பத்திரத்தில் இருந்த பெயர்: 'மௌனக் குருவி ஹோல்டிங்ஸ் பிரைவேட் லிமிடெட்'.

"யாரு கண்ணு புது ஓனர்?" என்று கேட்டாள் நோரீன். பேருந்தில் ஏறுகிற எல்லாருமே அவளுக்குக் கண்ணுதான்.

"அது அந்தரங்கம், நோரீன். நான் வாயத் திறக்கக் கூடாது."

"பேரு வேணாம். ஆம்பளையா, பொம்பளையா? அதையாவது சொல்லு."

"அதைச் சொன்னா ஊர்ல பாதிப் பேரை வடிகட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுமே!"

நோரீன் விடவில்லை. கம்பெனிப் பதிவேட்டைப் பார்த்தாள். இயக்குநர் என்று ஒரு கணக்குப்பிள்ளையின் பெயர் இருந்தது. அவரைக் கூப்பிட்டால், "நான் சும்மா பேருக்குத்தான்மா" என்றார். சொந்தப் பெயரே பேருக்குத்தான் என்று சொல்லுமளவுக்கு அடக்கம் அங்கே முற்றியிருந்தது.

அந்தரங்கத்தை இத்தனை மதிக்கும் லாக்லனின் அலுவலகம் நோரீனின் அந்தரங்கத்தை இன்னும் ஒரு படி மேலாகவே மதித்தது. அதனால்தான் அதை முழுசாகத் தங்களிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். வாடகைக்குத் தொடர்ந்து இருக்க முப்பத்தெட்டுப் பக்க விண்ணப்பம் வந்தது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, விவாகரத்து ஆன தேதி, அதற்குக் காரணம், எல்லாம் வேண்டுமாம். கடைசி மூன்று பக்கம் சார்ஜென்டுக்கு. சார்ஜென்ட் அவளுடைய நாய். பன்னிரண்டு வயது, ஒரு காது கேட்காது.

"நாயோட பொழுதுபோக்கு என்னன்னு கேட்டிருக்கே. என்னத்த எழுதறது?"

"உண்மையை எழுதுங்க. எங்க ஓனருக்கு ஒளிவுமறைவே பிடிக்காது."

நோரீன் 'தூக்கம்' என்று எழுதினாள்.

ஜூன் மாதம், அங்கே அது நடுக்குளிர்காலம், ஹீட்டர் நின்றுபோனது. பல்லாரட் குளிரில் ஹீட்டர் இல்லாத வீடும் ஐஸ் பெட்டியும் ஒன்றுதான். பத்து நாள் கெஞ்சிய பிறகு லாக்லன் வந்தான். வந்தவன் ஹீட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படம் எடுத்தான். படுக்கையறை அலமாரியைத் திறந்துகூட ஒரு படம்.

"ஹீட்டர் என்னாச்சு கண்ணு?"

"ஓனரைக் கேக்காம நான் ஒரு ஆணியைக்கூடத் தொட முடியாது. இருங்க, ஃபோன்ல பேசிட்டு வர்றேன்."

பின்வாசல் வழியாகப் போய் எலுமிச்சை மரத்தடியில் நின்றான். நோரீன் கோப்பை கழுவியபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். லாக்லன் வானத்தைப் பார்த்தான். ஷூவைப் பார்த்தான். மூன்று எலுமிச்சம்பழம் பறித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

"உங்களுக்காக எவ்வளவோ வாதாடிப் பாத்தேன், நோரீன். மனுஷன் மசியலை."

அவனுடைய கைப்பேசி அத்தனை நேரமும் சமையலறை மேசையில், சார்ஜென்டின் 'பொழுதுபோக்கு' பக்கத்தின் மேலேயே கிடந்தது. அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினான். ஊமை ஊரைக் கெடுக்கும், பெருச்சாளி வீட்டைக் கெடுக்கும் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே கோட்டுக்குள் இருந்தன. ஆனாலும் அவள் வாய் திறக்கவில்லை. வாடகைக்கு இருக்கிறவள் வாயைத் திறந்தால் வாசல் கதவும் சேர்ந்தே திறக்கும்.

வாயை மூடியிருந்தும் கதவு திறந்தது. பதினைந்தே நாளில் நோட்டீஸ்: 'உரிமையாளர் தாமே குடிவர இருப்பதால் காலி செய்யவும்.'

நோரீன் இருபத்துமூன்று வீடுகளுக்கு விண்ணப்பித்தாள். இருபத்துமூன்றிலும் ஒரே பதில்: நாய் இல்லாவிட்டால் பரிசீலிக்கிறோம். பன்னிரண்டு வருஷம் காலடியில் படுத்த ஜீவனை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது? அன்றைக்குப் பேருந்தை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு வாடகைத் தீர்ப்பாயத்துக்கு மனு எழுதினாள்.

விசாரித்தவர் திருமதி யானாகிஸ். மூக்குக் கண்ணாடி நுனிமூக்கில் உட்கார்ந்திருந்தது.

"உரிமையாளர் குடிவரப் போறார்னு போட்டிருக்கு. யார் அந்த உரிமையாளர்?"

"மௌனக் குருவி ஹோல்டிங்ஸ், மேடம்" என்றான் லாக்லன்.

"அது கம்பெனி."

"ஆமா, மேடம்."

"கம்பெனி எந்தப் படுக்கையறையில படுக்கும்?"

லாக்லன் யோசித்தான். "பெரிய அறையிலன்னு நினைக்கிறேன், மேடம்."

"காலையில எழுந்து பல் தேய்க்குமா?"

"என் கட்சிக்காரரோட அந்தரங்கப் பழக்கமெல்லாம் நான்..."

"இங்க பாருங்க மிஸ்டர் பிம். கம்பெனி குடிவர முடியாது. மூச்சு விடற ஆளுதான் குடிவர முடியும். அந்த ஆளு தன் சொந்தப் பேரை எழுதி, இந்த உறுதிமொழியில கையெழுத்துப் போடணும். போட்டா இவங்க காலி பண்ணணும். போடலைன்னா உங்க நோட்டீஸ் செல்லாது. போய்க் கேட்டுட்டு வாங்க."

லாக்லன் வெளியே போனான். இந்த முறை மறக்காமல் கைப்பேசியை எடுத்துக்கொண்டு போனான். நான்கு நிமிஷத்தில் திரும்பினான்.

"பேசிட்டேன் மேடம். கையெழுத்துப் போடத் தயார்னு சொல்றார். பேரை மட்டும் விட்டுடலாமான்னு கேக்கறார்."

"பேரில்லாத கையெழுத்தா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுக்கு என்னோட தட்டுதான் கிடைச்சுதா?"

நோரீன் எழுந்தாள்.

"மேடம், அவரை எதுக்கு அலைய விடறீங்க? பேனாவை இங்கயே குடுங்க. ஓனர்கிட்டப் பேச அவருக்கு ஃபோனே தேவைப்படாது. ஜூன் மாசம் என் எலுமிச்சை மரத்தடியில நின்னு பேசினாரு. ஃபோன் என் சமையலறை மேசை மேல இருந்துச்சு."

விற்கச் சொல்லி நம்பி ஒப்படைத்த வீட்டை, விற்றவளுக்கே தெரியாமல் தரகனே வாங்கிப் போட்டால் உரிமமும் போகும், ஜெயில் வாசலும் தெரியும். அது லாக்லனுக்குத் தெரியும், திருமதி யானாகிஸுக்கும் தெரியும். அவர் படிவத்தையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினார்.

லாக்லனின் காது மடல் இரண்டும் செக்கச் சிவந்தன. பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான். மூடியைத் திரும்பப் போட்டான்.

"மேடம்... ஓனர் மனசை மாத்திக்கிட்டார். குடிவரலையாம்."

திருமதி யானாகிஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தத் தடவை வெளிய போய்க் கேக்கவே இல்லையே?"

நோட்டீஸ் ரத்தானது. ஒரு வாரத்தில் ஹீட்டரைச் சரிசெய்யவும் உத்தரவானது. வெளியே வராந்தாவில் லாக்லன் ஓடி வந்து மறித்தான்.

"நோரீன், ப்ளீஸ். இது நமக்குள்ளயே இருக்கட்டும். மனுஷனுக்கு அந்தரங்கம்னு ஒண்ணு இருக்கில்லையா?"

"இல்லாம பின்ன? அந்தரங்கத்துக்கு மரியாதை தரணும்னு நீதானே கண்ணு எனக்குச் சொல்லிக்குடுத்த!" நோரீன் கைப்பையிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்து அவன் கையில் திணித்தாள். அதே முப்பத்தெட்டுப் பக்க விண்ணப்பம், புத்தம் புதுசு. "ஞாயித்துக்கிழமை பெரிலைப் பாக்கப் போறேன். தன் வீட்டை வாங்கின அந்தக் கூச்ச சுபாவம் யாருன்னு அவ கேப்பா. மொதக் கேள்வி பேரு, அதை மட்டும் எழுதிக் குடு, போதும். பொழுதுபோக்கு என்னன்னு எழுத வேணாம். அது எலுமிச்சை மரத்தடியிலயே தெரிஞ்சுபோச்சு."