பீரோவும் புத்தியும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நான் சௌக்கியம். உன் முதுகுவலியும் அண்ணியின் பொறுமையும் நேற்று இருந்த நிலையிலேயே இருக்குமென்று நம்புகிறேன்.

நேற்று என் கூடத்தில் நின்றுகொண்டு, "இந்த ஒல்லிக்குச்சி உடம்பை வச்சுக்கிட்டு மாடியில தனிக்குடித்தனமா? அந்த பீரோவை நீயே படுக்கையறைக்குள்ள நகர்த்திடு, இனி வாயே திறக்க மாட்டேன். முடியலேன்னா காலி பண்ணிட்டு என் வீட்டுக்கு வந்துடு" என்றாயே, அதற்குப் பதில் இது. பீரோ நகர்ந்துவிட்டது.

யோசித்துப் பார். மனுஷனுக்கு என்ன இருக்கிறது? புலியின் நகமில்லை, கரடியின் ரோமமில்லை. மான்குட்டி பிறந்த அன்றே எழுந்து நிற்கிறது. நீ ஒன்றரை வயது வரை தவழ்ந்தாய் என்று அம்மா சொல்வாள். இப்படிப்பட்ட ஜென்மம் இத்தனை லட்சம் வருஷம் தாக்குப்பிடித்தது புஜபலத்தாலா? கல்லைத் தீட்டினான், நெருப்பை மூட்டினான், நாலு பேராகச் சேர்ந்து பள்ளம் வெட்டிப் புலியை விழவைத்தான். நானும் அந்த வம்சம்தான். காலையில் பீரோவிலிருந்த துணியையெல்லாம் கூடத்தில் குவித்தேன், இரும்புக் கம்பியால் பீரோவின் காலை நெம்பி அடியில் பழைய போர்வையைச் செருகினேன், தரை முழுக்கச் சோப்புத் தண்ணீரை ஊற்றினேன், படுக்கையறைக்குள்ள நின்னு போர்வையை இழுத்தேன். முதல்ல அசையலை. அப்புறம் வந்துச்சு பாரு, படகு மாதிரி. நடுவுல நானும் வழுக்கி உட்கார்ந்தேன். சோப்பு, பீரோ கால் என் கால்னு பார்க்கிறதில்லையே. கீழ்வீட்டுத் தையல்காரர் ஜன்னல்ல தலையை நீட்டி, "என்னம்மா, சுவரை இடிக்கிறீங்களா?"ன்னார். "பரிணாம வளர்ச்சி நடக்குது"ன்னேன். "மெதுவா நடக்கச் சொல்லுங்க, இங்க விளக்கு ஆடுது"ன்னார்.

ஆகவே நான் வீட்டைக் காலி செய்யப்போவதில்லை. உடம்பு, உடம்பு என்று இனி ஆரம்பிக்காதே. அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்களுக்காவது அத்தையின் புத்தி வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தோற்காத தங்கை

பி.கு.: பீரோ முழுசாக உள்ளே வரவில்லை. படுக்கையறை வாசலில் குறுக்காகச் சிக்கி நிற்கிறது. நான் இந்தப் பக்கம். செல்போனும் சமையலறையும் அந்தப் பக்கம். தள்ளப் போனால் சோப்பில் என் கால்தான் பின்னால் போகிறது. இந்தக் கடிதத்தைப் படுக்கை விரிப்பின் முனையில் கட்டி ஜன்னல் வழியே தையல்காரரிடம் இறக்குகிறேன், கொண்டுவந்து தருவார். அண்ணியையும் அவரையும் கூட்டிக்கொண்டு உடனே வா. வெளிக்கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. ஆனா நான் தோத்துட்டேன்னு நினைச்சுக்காதே. நாலு பேரைச் சேர்ப்பதும் புத்திதான். மேலேயே எழுதியிருக்கிறேன், மறுபடி படி. நீங்கள் மூன்று பேரும் தள்ளுங்கள். நாலாவது ஆள் நான், உள்ளேயிருந்து யோசனை சொல்கிறேன்.