அத்தைக்குப் பிடிக்காதவை

"அத்தையையும் சேர்த்துடவா?"

"சேர்த்துடு. அந்த வீட்டுல இருக்கறதே ஒரு போன். அடிச்சா அம்மாதானே எடுக்கறாங்க? அவங்க பாட்டுக்குப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

குடும்பத்துக்கென்று குரூப் தொடங்கிய அன்று கணவன் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் இளைய மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். உண்மைதான், மாமியார் இதுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை. யார் எதைப் போட்டாலும் அதன் காலடியில், கொதித்துச் சிவந்த ஒரு கோப மூஞ்சியை ஒட்டிவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த மனுஷியிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. குரூப்பைத் தொடங்கியதே அதற்காகத்தான்.

முதல் மூஞ்சி விழுந்தது கணவனின் அண்ணனான மூத்தவரின் குறட்டை வீடியோவுக்கு. சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு அவர் தூங்குவதை அவர் மனைவியே எடுத்துப் போட்டிருந்தாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது வந்தது சிவப்பு.

"பெத்த பிள்ளையைக் கேலி பண்ணா எந்த அம்மாவுக்குத்தான் பிடிக்கும்?" என்றான் கணவன். "நீதானே அட்மின். ஏதாவது செய்."

செய்தாள். 'யாரையும் கேலி செய்யும் வீடியோ வேண்டாம்' என்று எழுதினாள். மூத்த மருமகள் உடனே கூப்பிட்டாள்.

"என் புருஷன், என் சோபா, என் போன். இதுல உனக்கென்னடி கஷ்டம்?"

"எனக்கில்லக்கா. அத்தைக்கு."

"அவங்க உன்கிட்ட சொன்னாங்களா?"

"சொல்லலை. மூஞ்சி போட்டாங்க."

அடுத்தது நாத்தனார். அவள் குழந்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முதல்முதலாக எழுந்து நின்ற படம். சிவப்பு. சட்டை போடாமல் இருக்கிறதே, அதுதான் போலிருக்கிறது என்று படத்தை எடுத்துவிட்டு, சட்டை போட்டு அனுப்பச் சொன்னாள் இளையவள். நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு சட்டை, தொப்பி, காலுறை எல்லாம் மாட்டி அனுப்பினாள். அதற்கும் சிவப்பு. 'குழந்தைகள் படம் வேண்டாம்' என்று இரண்டாவது விதி வந்தது.

"எங்க அம்மா, என் குழந்தை. நடுவுல நீ யாரு, நீதிபதியா?" என்றாள் நாத்தனார்.

மூத்தவள் பயந்துபோய் வெறும் ரோஜாப் பூவோடு காலை வணக்கம் போட்டாள். சிவப்பு.

"பூ என்ன பாவம் பண்ணிச்சு?" என்று அவள் கேட்டாள். இளையவளிடமிருந்து மூன்றாவது விதி வந்தது. 'பூக்கள் வேண்டாம்.'

ஒருநாள் பொறுக்க முடியாமல் மாமியாருக்கே போன் போட்டாள்.

"அத்தை, குரூப்புல எதாவது பிடிக்கலைன்னா என்கிட்ட நேராவே சொல்லிடுங்க."

"என்கிட்ட எதுக்கும்மா கேட்கறே? உங்க குரூப்பு, உங்க சிரிப்பு. நான் ஒரு ஓரமா இருந்துட்டுப் போறேன்."

குரல் ஐஸ் மாதிரி இருந்தது. பேச்சை மாற்ற வேண்டியிருந்தது.

"மாமா என்ன பண்றாங்க?"

"பேப்பர் படிக்கறார், சிவப்புப் பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு. ஒரு செய்தி முடிச்சா ஒரு கோடு. ஹெட்மாஸ்டர் வேலை அவரை விட்டாலும் அவர் அதை விடலை."

போன் வைக்கப்பட்டது. 'உங்க சிரிப்பு.' அதுதான் விஷயம் என்று இளையவள் முடிவுக்கு வந்தாள். மாமியாருக்கு யாரும் சிரிக்கக் கூடாது.

சரி, இனி யாரும் எதையும் நேரடியாகப் போட வேண்டாம், முதலில் தனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்வதாக அறிவித்தாள். அன்றிலிருந்து அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒரு பக்கம் கன்னம் வீங்கியவர்கள் வரிசையாக உட்கார்ந்து அவளை முறைத்தார்கள். இன்னொரு பக்கம் மூத்தவர் தான் வாங்கிய புதுச் செருப்பை மூன்று கோணத்தில் அனுப்பி, "இதுல எது அம்மாவுக்குக் கோபம் வராத கோணம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் வேண்டுமென்றே வெள்ளைச் சுவரைப் படமெடுத்து அனுப்பி, "இது பரவாயில்லையா, இல்ல சுவருக்கும் சட்டை போடணுமா?" என்றாள்.

அந்தக் களேபரத்தில், டாக்டருக்கு அனுப்ப வேண்டிய ஒரு கடைவாய்ப் பல்லின் எக்ஸ்ரேயை அவள் குடும்பக் குரூப்புக்கு அனுப்பிவிட்டாள்.

"யாரோட பல்லு இது?" என்றாள் மூத்தவள்.

"நம்ம எல்லாரையும் பார்த்துக் கடிக்கற பல்லு. அட்மினோடதா இருக்கும்" என்றாள் நாத்தனார்.

பல்லுக்கும் சிவப்பு விழுந்தது. டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"இங்க இருக்கறப்போ ஊரார் பல்லைப் பாரும்மா. வீட்டுப் பல்லை வீட்டுல பார்த்துக்கலாம்."

சாயந்திரம் நாத்தனார் குரூப்பை விட்டு விலகினாள். மூத்தவள் 'பூவும் வரலாம்' என்ற பெயரில் இன்னொரு குரூப் தொடங்கி, இளையவளையும் மாமியாரையும் தவிர எல்லோரையும் சேர்த்துக்கொண்டாள் என்ற செய்தியைக் கணவன்தான் சொன்னான். அவனும் அதில் இருந்தான்.

"நீங்களுமா?"

"சும்மா பார்க்கறதுக்குத்தான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் போனை எடுத்தாள். உட்கார்ந்து எல்லா விதிகளையும் அழகாகத் தொகுத்து, யார் மனமும் நோகாமல், மரியாதையாக எழுதிக் குரூப்பில் போட்டாள். இதில் பிடிக்காமல் போக என்ன இருக்கிறது, பார்த்துவிடலாம்.

காபி ஆறுவதற்குள் வந்தது. விதிகளுக்கே சிவப்பு.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அடுத்த தெருவில் இருந்த மாமியார் வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் வாய்க்குள் பேசிக்கொண்டே போனாள். முன்னறையில் மாமனார் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்தார். அவரைத் தாண்டிக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே மாமியார் ஒரு பெரிய வாளியில் போர்வைகளை ஊறவைத்து, முழங்கை வரை சோப்பு நுரையில் கும்மிக்கொண்டிருந்தார்.

"அத்தை, என்னதான் வேணும் உங்களுக்கு?"

மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை குறட்டை பிடிக்கலை, சரி. பேரப்பிள்ளை நின்னது பிடிக்கலை. பூ பிடிக்கலை. உங்களுக்குப் பிடிக்கணும்னு நான் எல்லார்கிட்டயும் கெட்ட பேர் வாங்கிட்டு நிக்கறேன். உங்க பொண்ணு என்கூடப் பேசறதில்லை. உங்க பிள்ளையும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துட்டார். என்னைப் பிடிக்கலைன்னா என்னைச் சொல்லுங்க. எதுக்கு எல்லார் தலையிலயும் மூஞ்சியை ஒட்டறீங்க?"

"குழந்தை நின்னுச்சா?" என்றார் மாமியார்.

"தெரியாத மாதிரி கேட்காதீங்க. இதோ பாருங்க, இன்னையோட முடிஞ்சது." அங்கேயே நின்று எழுதினாள்: 'இந்தக் குரூப்பை நான் கலைக்கிறேன்.' அனுப்பினாள்.

அனுப்பிய கை கீழே இறங்குவதற்குள் போன் அதிர்ந்தது. 'அத்தை' என்ற பெயரில், சிவந்த கோப மூஞ்சி.

அவள் போனைப் பார்த்தாள். எதிரே, வாளியில் நுரைக்குள் கிடந்த இரண்டு கைகளைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள்.

முன்னறையிலிருந்து மாமனார் குரல் வந்தது.

"படிச்சாச்சும்மா. ஆனா கலைக்கறதுக்குக் காரணம் எழுதலையே நீ?"

அவள் முன்னறை வாசலில் போய் நின்றாள். மாமனார் மடியில் செய்தித்தாள், காதில் சிவப்புப் பேனா, கையில் போன்.

"மாமா, இந்தச் சிவப்பு மூஞ்சியெல்லாம்..."

"எல்லாம் நான்தான். ஒண்ணைக்கூட விட்டதில்லை. படிச்சு முடிச்சா சிவப்புல ஒரு குறி போடணும், அப்பத்தான் எழுதினவங்களுக்குத் தெம்பா இருக்கும். இதுல சிவப்பா இருக்கறது அந்த ஒரு பொம்மைதான்."

"அது கோவமா இருக்கே மாமா."

"ஹெட்மாஸ்டர் மூஞ்சி பின்ன எப்படி இருக்கும்?"

"அப்போ அத்தை?"

"போன் அடிச்சா அவ எடுத்துப் பேசுவா. வர்றதைப் படிக்கறது நான். எங்க வீட்டுல என்னைக்கும் அப்படித்தானே?"

அவளுக்குக் கோபம் போகவில்லை. இடம்தான் மாறியது. நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்திருந்த மனிதரை ஒருமுறை நன்றாக முறைத்துவிட்டுப் பின்கட்டுக்குத் திரும்பினாள்.

மாமியார் எழுந்து நின்றிருந்தார். நுரைக் கைகளைப் புடவையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, முன்னறைப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரொம்ப நாளா உன்கிட்ட கேட்கணும்னு இருந்தேன், வெட்கமா இருந்துச்சு. நீங்கல்லாம் சேர்ந்து சிரிக்கறீங்களே, அந்தக் குரூப்புல என்னையும் சேர்த்துக்கோயேன்மா."