அந்த மாடியில் நிற்காத மாத்திரை

ஈப்போவிலிருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் சவரிநாதன் அவர்களுக்கு, சிங்கப்பூரிலிருந்து உங்கள் தங்கை பிலோமினம்மாளின் கணவன் இயேசுதாசன் ஆண்டவர் அருளை வேண்டி எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகந்தானே? நான் சுகமில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், நாளைக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். போனில் சொல்லலாமென்றால் பிலோமி பக்கத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறாள்.

விஷயம் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி, மச்சான். புராஸ்டேட். அதில் கிருமி. "அங்கிள், மத்த ஆன்டிபயாட்டிக் எல்லாம் ரத்தத்துல சுத்தும், அந்தச் சுரப்பிக்குள்ள லேசுல நுழையாது. இது நுழையும், ஆனா ஆறு வாரம் விடாம சாப்பிடணும்" என்றார் டாக்டர். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனுக்கு இது புரியாதா? பழைய அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, அதே கதைதான். மருந்து வாங்கப் போனால் கவுன்டரில் நம் மாதா கோயில் பாடகர் குழுப் பெண் பெதானி! மானம் போச்சு என்று பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். அவளோ பின்னாலேயே "அங்கிள், பால்! பால்!" என்று கத்தினாள். பாடகர் குழுத் தலைவர் பால் அந்தோணியும் அங்கே நிற்கிறார் போலிருக்கு என்று நான் ஓட்டமே எடுத்தேன். வீட்டில் வயிற்றுப்புண் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் ஜெபக்குழுவுக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமை உறுப்பின் பெயரைச் சொல்லியே மன்றாடுவார்கள். பிலோமி பாவம், புண்ணுக்குப் பால் நல்லதென்று லிட்டில் இந்தியாவுக்கு ரயிலேறிப் போய்ப் பசும்பால் வாங்கி, காலையும் மாலையும் மாத்திரையோடு ஒரு டம்ளர் குடிக்கவைத்தாள், நான் முடிக்கிற வரைக்கும் நகரமாட்டாள். ஐந்து வாரம்! அந்த மாத்திரையைப் பாலோடு சாப்பிட்டால் வயிற்றிலேயே பால் அதைப் பிடித்துக்கொள்ளுமாம், ரத்தத்தில் சரியாகச் சேராதாம். நேற்றுத்தான் சொன்னார்கள். இப்போது உள்ளே சீழ், கிருமி ரத்தத்திலும் ஏறிடுச்சாம். பயமா இருக்கு மச்சான்.

நான் திரும்பி வரலைன்னா நோயின் பெயரை அவளிடம் சொல்லிவிடுங்கள். பால் விஷயம் மட்டும் சொல்லாதீங்க. தன் கையாலேயே கொடுத்தோமேன்னு அவ உடைஞ்சு போயிடுவா.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசீர். மாதா எல்லாரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
இயேசுதாசன்

பி.கு.: அண்ணா, நான் பிலோமி. பிரிக்காம தபாலில் போடுன்னு மூணு தடவை சொன்னார், அதனாலதான் பிரிச்சேன். புராஸ்டேட்னு எனக்கு முதல் வாரமே தெரியும், ஆஸ்பத்திரி மெசேஜ் எல்லாம் என் போனுக்குத்தான் வரும்லா. வெட்கப்படுறாரேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். பால் விஷயந்தான் தெரியாமப் போச்சு. ஆபரேஷன் முடிஞ்சுது, இன்னும் கண் திறக்கல. தபால் வந்து சேர நாளாகும்னு இதைப் போட்டோ எடுத்துப் போனில் அனுப்புறேன், உடனே வாங்க. அவர் முழிச்சா, நான் இதைப் படிச்சேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.