சொல்லாமல் நிறுத்துதல்: ஒன்பதாம் பிரிவு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் தங்கை மகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், அப்பா நலம், அம்மா என்னிடம் பேசுவதில்லை, மற்றபடி நலம். தாங்களும் அத்தையும் நலமா என்று கேட்பது முறை. ஆனால் தெரிந்ததைக் கேட்டு இடத்தை வீணாக்க எனக்குப் பிடிக்காது. நேற்றுக் காலை உங்கள் மொட்டை மாடியில் கையை வீசி நடந்துகொண்டிருந்தீர்கள். தெருவில் என் வண்டியைக் கண்டதும் சட்டென்று திரும்பித் தண்ணீர்த் தொட்டியை ஆராய ஆரம்பித்தீர்கள். கழுத்து நன்றாகத் திரும்புகிறது, ஆகவே நலம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்குக் கடிதம் எழுதும் நிலை எனக்கு ஏன் வந்தது என்றால், நீங்கள் போனை எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் படித்துவிட்டதாக நீலக் குறி வருகிறது, பதில் வருவதில்லை. காகிதத்தில் எழுதியது எதுவானாலும் என் அண்ணன் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பான் என்று அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறாள், பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கண் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களை உங்கள் கம்பெனி பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புது ஒப்பந்தத்தில் சோதனை பற்றிய ஒன்பதாம் பிரிவை எழுதியது நான்தான். "வக்கீல் எழுதியிருப்பாரு, இவன் பாவம், சொன்ன இடத்துல கையெழுத்துப் போட்டிருப்பான்" என்று அத்தை அம்மாவிடம் எனக்காக வாதாடியதாகக் கேள்விப்பட்டேன். அத்தையின் அன்புக்கு நன்றி, தகவல் தவறு. வக்கீல் போட்டது காற்புள்ளிகள் மட்டும். உங்கள் கம்பெனிக்குச் சோறு போடுவது இந்த ஒரு மருத்துவமனைதான் என்பதும், இது கைவிட்டுப் போனால் தாடியும் அவருக்குக் கீழே இருப்பவர்களும் வேறு வேலை தேட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். (உங்கள் தலைமைப் பொறியாளரைத் தாடி என்று எழுதுவதற்கு மன்னிக்கவும். போனில் அவரே "தாடி பேசறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார்.) மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பொறுப்பாளராக என்னை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததே நீங்கள்தான் என்பதும் மறக்கவில்லை. தெரியாமல் எழுதிவிட்டான் என்று யாரும் எனக்குப் பரிந்து பேச வேண்டாம். தெரிந்துதான் எழுதினேன்.

பழைய ஒப்பந்தத்தில் என்ன இருந்தது? "சேவை வழங்குபவர் ஆண்டுக்கு ஒருமுறை பேரிடர் மீட்புச் சோதனை நடத்தி அறிக்கை தர வேண்டும்." அவ்வளவுதான். எது சோதனை என்று ஒரு வார்த்தை கிடையாது. தீப்பிடித்தாலோ, தண்ணீர் புகுந்தாலோ, பெரிய சர்வர் திடீரென்று படுத்துவிட்டாலோ, பின்னறையில் இருக்கும் மாற்று சர்வர் எழுந்து வேலையைத் தொடருமா என்று பார்ப்பதுதான் சோதனை என்று நான் படித்த இடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே நடந்தது விழா. முதலில் நாள் குறிப்பார்கள். ஒரு வருஷம் பேரிடர் நடக்க வேண்டிய தேதியில் பெரிய டாக்டருக்கு வெளியூர்ப் பயணம் வந்துவிட்டதால், பேரிடர் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. முந்தின நாளே தாடி வந்து மாற்று சர்வரைத் தூசி தட்டி, துடைத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜோடித்துவிட்டுப் போவார். மறுநாள் டீ, பிஸ்கட். எல்லோரும் பின்னறையில் நெருக்கியடித்து நிற்க, தாடி ஒரு நோயாளியின் பெயரைத் தட்டுவார். வலது கண், இடது கண், உள்ளே வைக்க வேண்டிய லென்ஸின் அளவு, எல்லாம் திரையில் வந்து நிற்கும். கைத்தட்டல். அறிக்கையில் "சோதனை வெற்றி". பெரிய டாக்டர் கையெழுத்து. நான் சேர்ந்த வருஷம் டீ டம்ளர் கையில் இருக்கும்போதே கேட்டேன்.

"பெரிய சர்வரை நிறுத்திட்டீங்களா?"

"அதை ஏன் தம்பி நிறுத்தணும்? நல்லா ஓடிட்டிருக்கிறதை யாராவது நிறுத்துவாங்களா?" என்றார் தாடி.

"அது ஓடும்போது இது ஓடறதுல என்ன அதிசயம்?"

"பிஸ்கட் எடுத்துக்க மாப்ள," என்றீர்கள் நீங்கள்.

அந்த வருஷம் எடுத்துக்கொண்டேன். இந்த வருஷம் பிஸ்கட் வரும்வரை காத்திருக்கவில்லை. பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தபோது, "சோதனையை நானே ஒருதரம் செஞ்சு பாக்கட்டுமா சார்?" என்று கேட்டேன். "செய்யேன்ப்பா, இதுக்கெல்லாம் எங்கிட்ட ஏன் வர்றே?" என்றார். என்ன செய்யப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அன்றைய பட்டியலில் இருந்த ஆபரேஷன்கள் அத்தனையும் முடிந்துவிட்டனவா என்று பார்த்தேன், முடிந்திருந்தன. மதியம் பெரிய சர்வரின் வயரைப் பிடுங்கினேன். பின்னறைக்குப் போய் மாற்று சர்வரில் ஒரு பெயரைத் தட்டினேன். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் மாமா, இத்தனை வருஷத்து வெற்றியின் ரகசியம் புரிந்தது. மாற்று சர்வரிடம் ஒரு நோயாளியின் பெயர்கூட இல்லை. யாராவது கேட்டால் அது ஓசைப்படாமல் பெரிய சர்வரிடம் ஓடி, கேட்டு வந்து, தன் சொந்தச் சரக்கு மாதிரி காட்டியிருக்கிறது. பக்கத்துப் பையனைப் பார்த்தே பரீட்சை எழுதி வருஷா வருஷம் முதல் மார்க் வாங்கியவன், பக்கத்துப் பையன் லீவு போட்ட அன்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சரி, பெரியதையே மறுபடி எழுப்புவோம் என்று வயரைச் செருகினேன். அது வருஷக்கணக்கில் தூங்காமல் உழைத்த பிராணி, படுத்தது படுத்ததுதான், எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டது.

வரவேற்பில் இருக்கும் பெண் ஓடிவந்தாள். "சார், அடுத்து யார் உள்ள போகணும்னு தெரியல. யாரைக் கேட்டாலும் நான்தான் நான்தான்கறாங்க." அவர்கள் பாதிப் பேர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பது ஆளா தூணா என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள். அதைவிட மோசம், ஆபரேஷன் உடை மாட்டிக்கொண்டு ஒரு தையல்காரர் உள்ளே காத்திருந்தார். எந்த அளவு லென்ஸ் என்பது சர்வருக்குத்தான் தெரியும். "பட்டியல்ல இல்லையே" என்றேன் நர்ஸிடம். "காலையில பிரஷர் அதிகமா இருந்துச்சு, மதியத்துக்குத் தள்ளி வச்சோம். உங்ககிட்ட யாரு வந்து சொல்லுவா? நீங்கதான் யார்கிட்டயும் எதையும் சொல்றதில்லையே" என்றாள். நியாயமான பேச்சு, நேரம்தான் சரியில்லை.

நீங்கள் சாப்பாட்டில் பாதியில் எழுந்து வந்தீர்கள். ஒரு காலில் உங்கள் செருப்பு, மறு காலில் அத்தையின் செருப்பு. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தாடியை அனுப்பி முந்தின நாள் இரவு எடுத்த நகலை உங்கள் அலுவலகத்திலிருந்து கொண்டுவரச் சொல்லி, இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் உயிர்ப்பித்தீர்கள். அதற்குள் அன்றைய ஆபரேஷன் நேரம் முடிந்துவிட்டது. தையல்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நாளைக்குக் காலையில முதல் ஆளா உங்களுக்குத்தான். தப்பு எங்க பக்கம்" என்றீர்கள். "பரவால்லீங்க" என்றார் அவர். "இத்தனை நாளா ஊசியில நூல் கோக்க சம்சாரத்தைக் கூப்பிட்டேன். இன்னும் ஒருநாள் கூப்பிட்டா கோச்சுக்க மாட்டா. கோச்சுக்கிட்டாலும் முகம் எனக்குத் தெரியாது." கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டேன். வயரைப் பிடுங்கியது யார் என்று நீங்கள் அவரிடம் சொல்லவில்லை. பெரிய டாக்டரிடமும் சொல்லவில்லை, நானாகத்தான் போய்ச் சொன்னேன். இதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல நினைத்து, அதற்குள் ஒன்பதாம் பிரிவு வந்துவிட்டதால் சொல்லவில்லை.

ஒன்பதாம் பிரிவை நீங்கள் படித்த கூட்டத்தில் நடந்ததை உங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் என் நினைவில் இருப்பதும் உங்கள் நினைவில் இருப்பதும் ஒன்றா என்று ஒத்துப் பார்ப்பது நல்லது.

"எல்லாம் சரி மாப்ள," என்றீர்கள். "நிஜமா நிறுத்திப் பாக்கணும், சரி. ஒரு மணி நேரத்துல மாற்று எழுந்திருக்கணும், சரி. தோத்தா எங்க செலவுல மறுபடி பண்ணணும், அதுவும் நியாயம். இந்த 'முன்னறிவிப்பின்றி'யை மட்டும் எடுத்துடு. ஒரு வாரம் முன்ன சொல்லிடு."

"ஆபத்து சொல்லிட்டா மாமா வரும்?"

"ஆபத்து சொல்லிட்டு வராதுதான். மனுஷன் சொல்லிட்டு வரலாமில்ல?"

பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. "சொல்லிட்டு வந்தா நீங்க மறுபடி மாப்பிள்ளை அலங்காரம்தான் பண்ணுவீங்க. உங்க வேலை மேல உங்களுக்கே நம்பிக்கையில்ல" என்றேன், எல்லோர் முன்னாலும். நீங்கள் காகிதத்தை மடித்து வைத்தீர்கள். "ஓடற பாம்பை மிதிக்கிற வயசு" என்று தாடியிடம் சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள். அன்றிலிருந்து மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி.

வீட்டு நிலவரம் இதைவிட மோசம். "எங்கண்ணன் அத்தனை பேர் முன்னாடி தலைகுனியறதுக்குப் பேரு டெஸ்டாடா?" என்று அம்மா கேட்டாள். நானும் பொறுமையாக, வீட்டு உதாரணத்தையே எடுத்து விளக்கினேன். "இதோ பாரும்மா, மாற்றுன்னா அப்பா மாதிரி இருக்கணும். உனக்குக் காய்ச்சல் வந்து படுத்தா வீடு நிக்குதா? அப்பா மூணு வேளையும் சமைக்கிறார், நேரத்துக்கு டீ வருது, உப்பு உறைப்பு ஒண்ணும் மாறல. அதைத்தான் நான் மாமாகிட்ட கேக்கறேன்." அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு உள்ளே போனாள். அதிலிருந்து என்னிடம் பேச்சில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "அவன்கிட்ட சொல்லுங்க, துணி மடிச்சு வச்சிருக்கு" என்று அப்பா வழியாகச் செய்தி வருகிறது. தட்டை வைக்கும் சத்தத்தில் அவளுடைய கருத்து தெளிவாகவே தெரிகிறது.

ஆகவே மாமா, சுற்றி வளைக்காமல் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் நிறுத்தினேன், ஒரு தையல்காரர் ஒருநாள் காத்திருந்தார், அதோடு போயிற்று. ஒருநாள் அது தானாகவே நிற்கும். அப்போது உள்ளே ஒருவர் கண்ணைத் திறந்துவைத்தபடி மேஜையில் படுத்திருப்பார். அவரிடம் போய் ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் நன்றாகச் செய்திருப்போம் என்று சொல்ல முடியாது. ஒன்பதாம் பிரிவில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கையெழுத்து வராவிட்டால், வேறு கம்பெனியைப் பார்க்கும்படி பெரிய டாக்டரிடம் நானே எழுதிக் கொடுப்பேன். வருத்தமாக இருக்கும், இருந்தாலும் கொடுப்பேன்.

அத்தைக்கு என் வணக்கம். அன்றைக்கு மாறிப்போன செருப்பு அத்தையிடம் சேர்ந்துவிட்டது என்று நம்புகிறேன். தாடிக்கு என் அன்பு, அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வயதில் சிறியவன், தங்கள் ஆசியை வேண்டுகிறேன். கையெழுத்தையும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
தங்கள் மருமகன்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டிவிட்டு டீ குடிக்கலாம் என்று சமையலறைக்கு வந்தேன். அம்மா இல்லை. அடுப்பு சுத்தமாகத் துடைத்திருந்தது, சிலிண்டர் மூடியிருந்தது. அப்பா நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா எங்க?"

"உங்க மாமா வீட்டுக்குப் போயிட்டா."

"எப்ப வருவா?"

"சொல்லல."

"சரி, நீங்க டீ போடுங்க."

போட்டுவிடலாம் என்று அப்பா கம்பீரமாகத்தான் கையை நீட்டினார். முதல் டப்பாவில் கடுகு இருந்தது. இரண்டாவதில் உப்பு. மூன்றாவதில் ரப்பர் பேண்டுகள். "அம்மா காய்ச்சல்ல படுத்திருந்தப்ப தினமும் போட்டீங்களேப்பா?" என்றேன். "அவ உள்ளேருந்து சொல்லுவாடா" என்றார் அப்பா. "வலது பக்கம், ரெண்டாவது தட்டு, நீலமூடி, ஒன்றரை ஸ்பூன், பொங்கப்போகுது இறக்குங்கன்னு. கைதான் என்னுது." மாமா, எனக்குப் பின்னறையில் சுற்றிக்கொண்டிருந்த அந்தச் சின்ன வட்டம்தான் ஞாபகம் வந்தது.

நீலமூடி டப்பா எதுவும் இப்போது அங்கே இல்லை, அம்மா எங்கோ மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அம்மாவுக்குப் போன் செய்தேன், முதல் மணியிலேயே எடுத்தாள். "சொல்லாம நிறுத்திப் பாக்கணும்னு நீதானடா எழுதியிருக்க? நிறுத்திட்டேன். ஒரு மணி நேரத்துல எழுந்திருக்கணுமாமே, எழுந்திரு." பின்னால் நீங்கள் சிரிப்பது கேட்டது. "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமில்லம்மா?" என்றேன். சொன்ன பிறகுதான் இந்தக் கேள்வியை ஏற்கெனவே கூட்டத்தில் ஒருவர் கேட்டுவிட்டார் என்பது உறைத்தது. அம்மா போனை வைத்துவிட்டாள்.

ஆகவே உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். "முன்னறிவிப்பின்றி"யை அடித்துவிட்டேன். "ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்து" என்று போட்டிருக்கிறேன். நிஜமாக நிறுத்துவது மட்டும் அப்படியே இருக்கும், அதன் அவசியம் எனக்கு முன்னைவிட இப்போது நன்றாகத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை பற்றி மேலே எழுதியதையும், கூட்டத்தில் உங்கள் நம்பிக்கையைப் பற்றிச் சொன்னதையும் நான் சொல்லாததாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை அப்பா கொண்டுவருகிறார். அவரோடு அம்மாவை அனுப்பி வையுங்கள். டீத்தூள் எங்கே என்று அப்பாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், அது மறுபடியும் கேட்டு வந்த சரக்காகிவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் சோதனை. அம்மா கூடத்தில் உட்கார்ந்திருப்பாள், வாயைத் திறக்கக் கூடாது. டீ நான் போடுவேன். நீங்களும் அத்தையும் வந்து குடித்துப் பார்த்து, தேறினேனா இல்லையா என்று கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வாரம் முன்னதாகவே தெரிவித்துவிட்டேன். பிஸ்கட் மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.