இரண்டு கையாலும் சேர்வ்

பொய் சொல்கிறவனுக்கு நல்ல ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். நல்ல முழங்கையும் வேண்டும் என்பது என் அனுபவம்.

கலியாணத்துக்கு முன்பு நான் வெள்ளவத்தையில் அம்மாவோடு இருந்தேன். அம்மா ஓடருக்கு இடியப்பம் அவிப்பார். மாக் குழைப்பது அவர், இடியப்ப உரலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துப் பிழிவது நான். (பகலில் நான் கொம்பனி ஒன்றில் டை கட்டிய உத்தியோகத்தன். இடியப்பக் கதை அங்கே யாருக்கும் தெரியாது.) ஒரு கலியாண வீட்டுக்கு எண்ணூறு இடியப்பம் பிழிந்து கொடுத்த பிறகு, வலது முழங்கையின் வெளிப்பக்கம் எரியத் தொடங்கியது. கதவுக் குமிழைக்கூடத் திருக முடியவில்லை.

டொக்டர் அந்த இடத்தை ஒரு விரலால் அழுத்தினார். நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன்.

"டெனிஸ் எல்போ" என்றார்.

"நான் டெனிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை, டொக்டர்."

"விளையாடாத ஆக்களுக்குத்தான் இது கூட வாறது. மணிக்கட்டைத் தூக்கிற தசைநார் முழங்கையில ஒட்டியிருக்கிற இடம் நொந்துபோச்சு. இறுக்கிப் பிடிக்கிற வேலையைக் குறையுங்கோ, முழங்கைக்குப் பட்டி போடுங்கோ. பிறகு சின்னப் பாரம் ஒண்டைப் பிடிச்சு மணிக்கட்டை மெல்ல மெல்ல இறக்கிப் பழகுங்கோ. சுகம் வர மாசக்கணக்காகும்."

இவ்வளவிலும் என் மண்டையில் ஏறியது 'டெனிஸ்' மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் பெண் பார்க்கப் போனோம். தர்ஷினியைக் கண்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. இந்தச் சம்பந்தம் தவறக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அவரது தகப்பனார் என் கைப்பட்டியைப் பார்த்தார்.

"தம்பி, கையில என்ன?"

"டெனிஸ் எல்போ, அங்கிள்."

அவர் முகம் மலர்ந்தது. "நானும் அந்த நாளில விளையாடினனான். எந்தக் கையால சேர்வ் பண்ணுறனீங்கள்?"

"ரெண்டு கையாலயும்" என்றேன். (உரலை அப்படித்தானே பிடிப்போம்.)

மனிதர் யோசனையில் ஆழ்ந்தார். அந்த நேரம் பார்த்துத் தர்ஷினி தேத்தண்ணித் தட்டை நீட்டினார். பெரிய விளையாட்டு வீரன் மாதிரி வலது கையாலேயே கோப்பையைத் தூக்கினேன். பாதி வழியில் முழங்கை என்னைக் கைவிட்டது. தேத்தண்ணி முழுவதும் அங்கிளின் வெள்ளை வேட்டியில் இறங்கியது.

அம்மா பதறிப்போய் உண்மையை அவிழ்த்துவிட்டார். "குறை நினைக்காதேங்கோ அண்ணை, எண்ணூறு இடியப்பம் பிழிஞ்ச கை."

எனக்கு அழுகை வந்தது. வெட்கம் பாதி, தர்ஷினி இனி இல்லை என்ற கவலை பாதி.

தர்ஷினிதான் முதலில் வாய் திறந்தார். "அப்பா, உங்களுக்குச் சுடுதண்ணி வைக்கவும் தெரியாது. இடியப்பம் பிழியிற ஆள் எண்டா எனக்கு ஓம்."

அரைக்கிலோ சீனிப் பக்கற்றைப் பிடித்து மணிக்கட்டை இறக்கி இறக்கியே ஆறு மாதத்தில் கை சுகமானது. அதற்கு முன்பே கலியாணம் முடிந்துவிட்டதால், அதுவரை அம்மாவின் உரலைப் பிழிந்தவர் தர்ஷினி.

இன்றும் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து நான் இடியப்பத் தட்டோடு குசினியிலிருந்து வெளியே வந்தால், மாமா வேட்டியை ஒதுக்கிக்கொண்டு சொல்வார்: "மருமகன், ரெண்டு கையாலயும் சேர்வ் பண்ணுங்கோ."