நாலு மடிப்பு ஏணி

"என்னாங்க, எறும்புதான் ஓடுது!"

உள்ளேயிருந்து இருதயமேரி கத்தினாள். இன்னும் சற்று நேரத்தில் டிவியில் தமிழ்ப்படம். திரையிலோ வெள்ளைப் புள்ளிகளைத் தவிர ஒன்றுமில்லை. முந்தின நாள் பேய்மழையில் கூரைமேலிருந்த அந்தெனா திரும்பிக்கொண்டுவிட்டது.

வேறு சனிக்கிழமையாக இருந்தால் போகட்டும் என்று லூயிஸ் விட்டிருப்பார். இன்று சித்தியவான் பக்கம் தாங்கள் முன்பு இருந்த தோட்டத்து ஆட்களையெல்லாம் இருதயமேரி படம் பார்க்கக் கூப்பிட்டிருந்தாள். தோட்டத்தை விற்று லயத்து வீடுகளை இடித்தபிறகு ஆளுக்கொரு பக்கமாய்ச் சிதறிப்போனவர்கள். ஈப்போவை ஒட்டிய இந்தப் புந்தோங்குக்கு வந்த நாளிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து லூயிஸ் பார்த்ததில்லை.

தோட்டத்தில் சம்பளம் போட்ட வாரம் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு முதலில் ஓடி இடம் பிடிப்பவள் அவள்தான். துணிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குக் கதாநாயகன் இடக்கையால் சண்டை போடுவான். அதற்கும் விசில் பறக்கும். "இங்க என்னா? கதவச் சாத்திக்கிட்டு வீட்டுக்கு ஒரு டிவி" என்று அடிக்கடி அலுத்துக்கொள்வாள்.

"பயப்படாத. புது ஏணி இருக்குலா" என்றார் லூயிஸ்.

ஈப்போ டவுனில், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் கடையில் வாங்கிய அலுமினிய ஏணி. நாலு மடிப்பு. நிமிர்த்தினால் உயர ஏணி, பாதி மடித்தால் இரண்டு பக்கமும் ஏறலாம், இன்னும் மடித்தால் சுண்ணாம்பு அடிக்க மேடை. விருந்தாளி வந்தால் மேஜைகூட ஆகும் என்று தவுக்கே அடித்துச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பூட்டு. 'டிக்' என்று கேட்டால்தான் ஏறவேண்டும்.

லூயிஸ் சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு சுண்ணாம்பு ஆலையில் வேலையாட்களின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்பவர். வீட்டில் பல்பு மாற்றக்கூட மஞ்சள் தொப்பி போடுவார். இப்போதும் போட்டுக்கொண்டு பின்புறம் போனார்.

முதல் தடவை நிமிர்த்தியபோது ஏணி மேஜையாகிவிட்டது. மறுபடி நிமிர்த்தியதில் நடுவில் ஒரு மூட்டு மடங்கிப் பாலம்போல் நின்றது.

பக்கத்து வீட்டு கார்த்திகேசு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "மச்சான், ஏணி வாங்குனியா, கட்டில் வாங்குனியா?"

"வாய வச்சிக்கிட்டு சும்மா இராம வந்து புடி."

கார்த்திகேசு பிடித்துக்கொண்டார். எல்லா மூட்டிலும் 'டிக்' கேட்டது. லூயிஸ் காதால் கேட்டு, கையால் ஆட்டிப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். அவர் கூரையில் கால் வைத்ததும், படம் தெரிகிறதா என்று பார்க்க கார்த்திகேசு உள்ளே ஓடினார்.

தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. லூயிஸ் அந்தெனாவைத் திருப்பினார்.

"இப்ப?"

"எறும்பு!"

"இப்ப?"

"பேச்சு கேக்குது, ஆளக் காணோம்!"

"இப்ப?"

"தெரியுது! தெரியுது! அசையாதீங்க!" இது இருதயமேரி.

கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டுக் கையை எடுத்தார்.

"போச்சு!"

தொட்டார். "வந்துருச்சு!" விட்டார். "போச்சு!" இன்னொரு கம்பி சுற்றினார், கல்லை முட்டுக்கொடுத்தார். அவர் கை பட்டால்தான் படம் வருவேன் என்றது.

அதற்குள் விருந்தாளிகள் வந்து சேர்ந்த கலகலப்பு கேட்டது. "மேரி, எறங்கி வந்து தடிக் கம்பியாத் தேடி எடுத்துக்கிட்டுப் போறேன்!" என்று குரல் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சுற்றிய கம்பிகளை அவிழ்த்தார். கடைசிக் கம்பியை அவிழ்க்கையில் பின்புறம் 'டணார்' என்றது. தவழ்ந்துபோய் எட்டிப் பார்த்தார். ஏணி சமர்த்தாக மடிந்து புல்லில் கிடந்தது. பக்கத்தில் ஒருவருமில்லை.

"மேரி! ஏணி தானா மடங்கிருச்சு!"

"ஐயோ ஏசுவே!" இருதயமேரி ஓடி வந்தாள். "நீங்க ஏறுறப்ப மடங்காம விட்டுச்சே!"

கார்த்திகேசு ஏணியோடு மல்லுக்கட்டினார். பாலம் வந்தது, மேடை வந்தது. தவுக்கே சொன்ன எல்லா உருவமும் வந்தது, ஏணி மட்டும் வரவில்லை. அது பெஞ்சாக நின்ற சமயம், தோட்டத்திலிருந்து பழக்கமான கருப்பம்மாள் அதில் உட்கார்ந்தே விட்டாள். "சுகமாத்தான் இருக்கு. படம் போட்டாச்சா?"

"படமே தெரியலக்கா!" என்று உள்ளேயிருந்து பல குரல்கள்.

இருதயமேரி அண்ணாந்து பார்த்தாள். "மேல சும்மாதான உக்காந்திருக்கீங்க? அந்த அந்தெனாக் கம்பத்தக் கொஞ்சம் புடிச்சுக்குங்களேன். படம் முடியறதுக்குள்ள எங்கயாச்சும் மர ஏணி கிடைச்சிரும்."

வேறு வழியில்லை. பிடித்துக்கொண்டார்.

கீழே பாட்டு ஆரம்பித்தது. தகரத்துக்கு அடியில் ஒரு வீடு நிறையச் சனம். விசில் பறந்தது, யாரோ மூக்கைச் சிந்தினார்கள், கார்த்திகேசு வில்லனை வைதார். எல்லாவற்றுக்கும் மேலே இருதயமேரியின் சிரிப்பு, திடலில் பாய்மேல் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. தூரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள் மஞ்சள் வெயிலில் நனைந்துகொண்டிருந்தன. லூயிஸ் வசனங்களைக் கூடவே முணுமுணுத்தார். முகம் பார்க்காமலே எல்லாம் தெரிந்தது. நடுவில் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிய மைலோ பானம், மாங்காய் பறிக்கும் துறட்டியில் தொங்கிக்கொண்டு மேலே வந்தது.

மர ஏணி எங்கும் கிடைக்கவில்லை. படம் முடிந்ததும் இருதயமேரி வந்து அலுமினிய ஏணியைத் தொட்டாள். டிக், டிக், டிக். நேராக நின்றது.

"எப்படி?"

"சும்மா தட்டுனேன், தெறந்துக்கிச்சு."

கருப்பம்மாள் புறப்படும்போது, "அடுத்த வாரமும் வாரோம் தம்பி" என்றாள். இருதயமேரியின் முகத்தைப் பார்த்த பிறகு லூயிஸுக்குக் கோபப்பட மனம் வரவில்லை. ஆனால் ஆள் ஏறுகிற ஏணி தானாக மடங்குவதை அவரால் சும்மா விட முடியாது. இன்னொரு வீட்டில் யாராவது விழுந்து இடுப்பு ஒடிந்தால்?

திங்கட்கிழமை ஏணியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். "தவுக்கே, இது ஆளக் கொல்ற சாமான்!"

தோட்டத்து ஆட்களோடு பழகி நன்றாகத் தமிழ் பேசுகிற தவுக்கே, பூட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஏறி நின்று குதித்தார். ஏணி அசையவில்லை.

தவுக்கே கீழே இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். "ஏணி தானா மடங்காதுலா. சனிக்கிழமை உன் சம்சாரம் போன் போட்டு, 'புருஷன் கூரையில இருக்காரு, ஏணிய எப்படி மடக்குறது'ன்னு கேட்டுச்சு. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."